அழைப்புக் குறிப்புகள்

அப்பா புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி அழைப்பு வந்தது. பல்கலைக்கழகத்தில் முன்னாள் மாணவர் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண் பேசினாள். படித்து முடித்தவர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம் என்பதால் எல்லோருக்கும் அவள் 'தொடர்பு அக்கா'.

அப்பா போனை வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

"நிகழ்ச்சிக்கு, வேலைக்குப் போற சட்டையிலேயே வரணுமாம். அதுதான் எனக்கு எடுப்பா இருக்குமாம்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டை, பாக்கெட்டுக்கு மேல் கம்பெனியின் பெயர், எந்த சோப்புக்கும் மசியாத கிரீஸ் கறை.

"லிஃப்ட் ஏதாவது பாதியில நின்னிருக்கும். அதான் யூனிஃபார்ம்ல வரச் சொல்றாங்க," என்றாள் அம்மா. "ஸ்பேனரையும் எடுத்துக்கோங்க."

மகள் சிரித்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். படித்து முடித்து எட்டு வருடம் ஆகியும் சித்தப்பா வீட்டில் அவளுக்கு 'டிகிரி' என்றுதான் பெயர். "டிகிரி வந்திருக்கு, நல்ல டம்ளர்ல தண்ணி குடு" என்பார் சித்தப்பா. கேலியில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், பெருமையில் கொஞ்சம் குத்தலும் இருக்கும்.

அவளுக்கு ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் ரத்தம் எடுப்பாள், மதியம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் படித்த இடத்தை மறந்துவிட்டார்கள். அவளால் முடியவில்லை. எங்கே போனாலும் விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்காருகிறவள், அந்த வளாகத்தில் மட்டும்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அதனால் தொடர்பு அக்கா கூப்பிட்டபோதெல்லாம் போனாள். புது மாணவர்களின் பெற்றோருக்கு வருடந்தோறும் நடக்கும் வரவேற்பில் ஆறு முறை பேசினாள். விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டதைச் சொல்வாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த இடத்துக்கு வரும்போது குரல் அடைத்துக்கொள்ளும். கைதட்டல் எழும்.

தொடர்பு அக்காவும் சும்மா சொல்லக் கூடாது. பிறந்த நாளுக்கு மறக்காமல் போன் செய்வாள். அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்பாள். வேலை இடத்தில் தலைமை டெக்னீஷியனோடு மனஸ்தாபம் என்று ஒரு தடவை சொன்னதை நாலு மாதம் கழித்தும் ஞாபகம் வைத்துக் கேட்டாள். கூடப்பிறந்த அக்கா இல்லாத குறையே தீர்ந்தது என்று மகள் நினைத்துக்கொண்டாள். முன்னாள் மாணவர் நிர்வாகக் குழுவில் சேர ஆசை என்பதை அவளிடம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பார்க்கலாம்டா, உனக்கில்லாத இடமா" என்றாள் அக்கா. அது நடந்து மூன்று வருடம்.

இந்த வருடம் அப்பாவையும் மேடையேற்ற வேண்டும் என்று அக்காவே அவருக்கு நேராகப் போன் போட்டுப் பேசிவிட்டாள். அப்பா ஒரு வாரமாகக் குளியலறையில் ஏதோ பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தால் ஒன்றும் தெரியாதவர்போல வருவார்.

நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பே இருவரும் போய்விட்டார்கள். அக்கா வாசலுக்கே வந்தாள். "வாங்கப்பா, சொன்ன மாதிரியே வந்துட்டீங்க" என்று அவரை அரங்கின் முன்வரிசையில் உட்கார வைத்தாள். மகளை மாடிக்கு, தன் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"உன் போன் நம்பர் மாறிடுச்சுன்னு சொன்னியேடா. கம்ப்யூட்டர்ல உன் பக்கத்தைத் திறந்து வச்சிருக்கேன், நீயே மாத்திடு. மைக் வேலை செய்யலையாம், எனக்கு உயிர் போகுது," என்று படியிறங்கி ஓடினாள். வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டாள் என்பது தெரியும். அந்த நம்பிக்கையே இவளுக்கு இனித்தது.

நம்பரை மாற்றினாள். சேமிக்கும் பொத்தான் பக்கத்தின் அடியில் இருந்தது. அங்கே போகும் வழியில்தான் 'அழைப்புக் குறிப்புகள்' என்று ஒரு பகுதி, தேதி வாரியாக.

'பிறந்த நாள் அழைப்பு, நான்கு நிமிடம். நெகிழ்ந்தார்.'

'தந்தைக்கு முட்டி வலி. அடுத்த முறை விசாரிக்கவும்.'

'தந்தையைப் பற்றிப் பேசும்போது அழுகிறார். நிகழ்ச்சியில் கடைசியாக வைக்கவும்.'

'நிர்வாகக் குழுவில் சேர விரும்புகிறார். பொருந்த மாட்டார். மறுக்க வேண்டாம், பார்க்கலாம் என்று சொல்லி வைக்கவும்.'

'இந்த ஆண்டு தந்தையையும் மேடையேற்றலாம். வேலை உடையில் வந்தால் கூடுதல் பயன். பேச்சு சுமார் என்றாலும் பரவாயில்லை.'

திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

கோபத்துக்கு முன்னால் வந்தது ஒரு சந்தேகம். தானும் எழுதுகிறவள்தானே. ரத்தம் எடுக்க வருகிறவர்களின் அட்டையில் 'ஊசிக்குப் பயப்படுவார், பேச்சுக் கொடுக்கவும்' என்று எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாள். அவர்களும் இவள் பிரியமாகப் பேசுகிறாள் என்றுதானே நினைத்திருப்பார்கள். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவர்களுடைய பயம் குறைய வேண்டும் என்று எழுதினேன், அவர்களை அழவைக்க எழுதவில்லையே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். உடனே இன்னொன்று உறுத்தியது. ஆறு வருடமும் குரல் அடைத்தது ஒரே இடத்தில்தான். முதல் இரண்டு வருடம் அது தானாக வந்தது. அப்புறம்? கைதட்டல் எங்கே வரும் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அப்பாவை முதலில் விற்றது யார்?

எதையும் சேமிக்காமல் எழுந்து இறங்கினாள்.

அரங்கம் நிரம்பியிருந்தது. அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம் எதையோ கையால் விளக்கிக்கொண்டிருந்தார். "கயிறு அறுந்தா விழுந்துடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். விழவே விழாது. பிடிச்சுக்க ஒரு ஏற்பாடு இருக்கு." அந்த மனிதர் உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் அக்கா மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

மகள் குனிந்து, "அப்பா, கிளம்பலாம்," என்றாள்.

"ஏம்மா? நம்ம முறை இன்னும் வரலையே."

"ஆஸ்பத்திரியில அவசரமா கூப்பிடறாங்க."

"அப்ப நீ போ. நான் பேசிட்டு பஸ் புடிச்சு வந்துடுறேன். எனக்கென்ன, சின்னப் பிள்ளையா."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. விட்டுவிட்டுப் போனால் கிரீஸ் கறையோடு அவரை மேடையேற்றுவார்கள், அவர் தடுமாறுவார், அதற்கும் கைதட்டுவார்கள், மாடியில் இன்னொரு வரி எழுதப்படும். உண்மையைச் சொன்னால் 'பேச்சு சுமார்' என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டையை எதற்காகக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"வேண்டாம்ப்பா. நீங்க பேச வேண்டாம்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"நான் பேசினா உனக்கு வெக்கமா இருக்குமா?"

இல்லை என்றால் அவர் எழுந்திருக்க மாட்டார். அது அவளுக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சில நொடிகள் போதுமாயிருந்தன. அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், "வரேன் சார், பாப்பாவுக்கு வேலை வந்துடுச்சு," என்று சொல்லி எழுந்தார்.

வெளியே வழக்கம்போல அவளுக்காக நிற்காமல் முன்னால் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் நிழல் இருந்தது. இருந்தும் வெயிலில் நின்றார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னப்பா பேசறதா இருந்தீங்க?"

"இப்ப எதுக்கு அது," என்றார் அப்பா, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி.