ஃபைலில் வராத யானை

நான் பேசி அனுப்பிய கதையில் சத்தமே இல்லை என்று சென்னையிலிருந்து அந்தப் பெண் இரண்டாம் தடவையாக ஃபோன் செய்தாள். முதல் தடவை சிரித்துக்கொண்டு சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"ஃபைல் ஓப்பன் ஆகுது மேம். நேரம் ஓடுது. ஆனா ஒண்ணுமே கேக்கல மேம்."

"எனக்கு நல்லா கேக்குதே."

"இங்க எல்லார் சிஸ்டத்துலயும் போட்டுப் பாத்துட்டோம் மேம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரியான ஃபைல் வந்தா சார் கேப்பாரு. இல்லன்னா வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குக் குடுத்துடுவாங்க மேம்."

மேம் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஒரு மொபைல் ஆப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மாதிரிக்கு ஒரு கதை கொடுத்திருந்தார்கள். அது பிடித்தால் வேலை. எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஓசூரில் ஒயர் கட்டும் கம்பெனியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டே வேலை பார்த்தேன். கான்ட்ராக்ட் முடிந்தது என்று ஒருநாள் கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேறு கம்பெனிக்குப் போனால் வயதைக் கேட்கிறார்கள். முப்பத்தெட்டு என்றால் எனக்குப் பின்னால் நிற்கும் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். இந்தக் கதை வேலைக்கு யாரும் வயது கேட்கவில்லை. அது ஒன்றுதான் இதில் பிடித்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்குப் பேசுவதே பிடித்திருந்தது. டீ பிரேக்கில் சூப்பர்வைசர் மாதிரிப் பேசிக்காட்டி லைன் முழுவதையும் சிரிக்கவைத்தவள் நான்.

எங்களுடையது ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. அந்த ஒற்றை அறைதான் என் ஸ்டுடியோ. பீரோக் கதவைத் திறந்துவைத்து, புடவைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினால் எதிரொலி வராது என்று வீடியோவில் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கரையும் கிருஷ்ணகிரியில் ஒரு கச்சேரிக் குழு கலைந்தபோது என் வீட்டுக்காரர் வாங்கிவந்தார். லேப்டாப்பும் பழையது. அதன் திரை சின்னது.

பீரோவுக்கு எதிரே கட்டில். கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். அந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட்.

எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் ஐ.டி. கார்டைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் படுப்பார். கார்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். பால்காரர் மணி அடிக்க மாட்டார். சிலிண்டர் போடுகிறவர்கூட உருட்டாமல் தூக்கிக்கொண்டு போவார். நானும் அப்படித்தான் குடும்பம் நடத்தினேன். அவர் எழுந்த பிறகுதான் மிக்ஸி. ஃபோனில் மணி கிடையாது, நடுக்கம் மட்டும். பதிவு செய்வதும் அவர் எழாதபடி மெதுவாகத்தான், கேட்டுப் பார்ப்பதும் ஹெட்ஃபோனில்தான்.

அன்றைக்கும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கதையை ஓடவிட்டேன். கணீரென்று கேட்டது. அதை ஃபைலாக மாற்றினேன். ஃபைலைத் திறந்தேன். நேரம் மட்டும் ஓடியது. சத்தம் இல்லை. அந்தப் பெண் சொன்னது உண்மைதான். அதற்காகவும் அவள் மேல் கோபம் வந்தது.

ஃபைலின் வகையை மாற்றிப் பார்த்தேன். கதையின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எடுக்கிறதா என்று பார்த்தேன், எடுத்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். வீடியோவில் ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு, "மியூட் பட்டன் ஆன்ல இருக்கான்னு பாருங்க ஃப்ரெண்ட்ஸ்" என்றான். நான் உனக்கு ஃப்ரெண்டு இல்லை. மியூட்டும் ஆனில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஃபைலில் குரல் அலையாக ஏறி இறங்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு நேராகப் போனது. ஆஸ்பத்திரியில் செத்துப்போனவருக்கு ஓடும் கோடு மாதிரி.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். குடித்த சொம்பை எங்கேயாவது எறிய வேண்டும்போல இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தேன். எறிவதற்குக்கூட இந்த வீட்டில் நேரம் பார்க்க வேண்டும்.

மதியம் சாப்பிடவில்லை. அறைக்குத் திரும்பி மறுபடி மாற்றினேன். மறுபடி நேர்க்கோடு. வாய்க்குள்ளேயே கன்னடத்தில் திட்டினேன். என் அம்மா வீடு ஜவளகிரிப் பக்கம். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். சாதாரணக் கோபத்துக்குத் தமிழே போதும்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இன்னாடி, கன்னடத்துல இறங்கிட்ட? பெரிய பிரச்சனையா?"

"நீங்க தூங்குங்க."

"நீ மூசு மூசுன்னு மூச்சு வுடறது கம்ப்ரஸர் மாதிரி கீது. எப்பிடித் தூங்கறது?"

சொன்னேன். ஐந்து மணிக்குள் ஃபைல் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கே அது பிடிக்கவில்லை. அவர் எழுந்து, கன்னத்தில் தலையணைக் கோட்டோடு, லுங்கியை இறுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"மோட்டார் ஓடலன்னா நாங்க இன்னா பண்ணுவோம்..."

"இது மோட்டார் இல்ல."

"சரி, இல்ல. கத இன்னா?"

"அதத் தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க?"

"ரெண்டு வாரமா என் தலமாட்டுல நின்னுக்கினு குசுகுசுன்னு எதையோ பேசற. இன்னான்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது. போடு, கேக்கறேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அத மாட்டினா காது எரியுது. நைட்டெல்லாம் காதுல அடைப்பு மாட்டிக்கினுதான் நிக்கறேன். ஸ்பீக்கர்ல போடு."

"ஸ்பீக்கர்ல வராது."

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. ஒருநாள் கைதவறி பெரிய சத்தமா வந்து நீங்க முழிச்சிட்டீங்களே, அன்னைக்கே மாத்திட்டேன். நீங்க தூங்கறீங்கன்னு எல்லாத்தையும் ஸ்பீக்கருக்குப் போற மெயின் லைன்லயிருந்து எடுத்து ஹெட்ஃபோனுக்கு மட்டும் போற மாதிரி..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஃபைலாக மாற்றும்போது மென்பொருள் மெயின் லைனில் வருவதைத்தான் எடுக்கும். மெயின் லைனில் நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. என் குரல் முழுவதையும் ஹெட்ஃபோனுக்குத் திருப்பிவிட்டு, காலியான குழாய்க்கு அடியில் குடத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன். மெயின் லைனில் வரும் சத்தத்தின் அளவைக் காட்டும் கம்பம் திரையின் வலது ஓரத்தில் இருந்தது. சின்னத் திரையில் அது தெரியாது, நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். நகர்த்தினேன். கதை ஓடிக்கொண்டிருந்தது, கம்பம் அசையவே இல்லை.

"இன்னா, கெடச்சிதா?" என்றார்.

"வாய மூடுங்க" என்றேன். சந்தோஷத்தில்தான் சொன்னேன். அவருக்கும் அது தெரியும்.

மெயின் லைனுக்குத் திருப்பினேன். அடுத்த நொடி இரண்டு ஸ்பீக்கரிலும் என் குரல் அறைக்குள் வந்தது. அந்த வீட்டில் என் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை, சண்டையில்கூட. அவர் நகராமல் உட்கார்ந்து கேட்டார். குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு யானைக்குட்டியின் கதை அது. குட்டி பேசும்போது சிரித்தார். குட்டி சேற்றில் புரண்டபோது தொடையைத் தட்டினார். கடைசியில் அம்மா யானை காடே அதிரும்படி ஒரு அதட்டு அதட்டும். அந்த இடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யானையா அது?"

"யானதான்."

"கோழி மாதிரி கீதே."

"பக்கத்துல ஒருத்தர் பொணம் மாதிரித் தூங்கிக்கினு இருந்தா யான வேற எப்பிடிக் கத்தும்?"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? உங்க ஊர்ல ராகி கொல்லையில யான பூந்தா இப்பிடியா கத்தும்?" என்றார். கொஞ்சம் கழித்து, "மத்ததெல்லாம் நல்லா கீதுடி. நெஜமாவே நல்லா கீது. அந்த ஒரு எடத்துக்காக வுட்டுட்டாங்கன்னா?" என்றார்.

அப்படியே அனுப்பிவிடலாம் என்று எனக்கு இருந்தது. ஃபைலில் சத்தம் வந்ததே போதும் என்ற நிலையில் இருந்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எரிச்சல். நான்கு மணி ஆகவில்லை. அம்மா யானையை மட்டும் மறுபடி பேசினால் போதும்.

மைக்கின் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கதவு தெரிந்தது. தாழ்ப்பாளில் கார்டு.

"அந்தத் தம்பியும் நைட்டு போல" என்றேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. என் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாட்டாமல் வெளியே போனார். நான் தடுப்பதற்குள் கதவைத் தட்டிவிட்டார். கார்டு தொங்கும் கதவைத் தட்டுவது எங்கள் லைனில் பெரிய குற்றம். தீப்பிடித்தால்தான் தட்டலாம்.

கதவு திறந்தது. கலைந்த தலையோடு அந்தத் தம்பி நின்றார். "என்னண்ணே? யாருக்கும் எதும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவல. எங்க வூட்டுல இப்போ யான மாதிரிக் கத்தப் போவுது. சத்தம் கேட்டா பயந்து எழுந்துக்காத, தூங்கு."

அந்தத் தம்பி இவரையும் பார்த்தார், ஜன்னலில் நின்ற என்னையும் பார்த்தார். "அண்ணே, தூங்குதவன எழுப்பி, எந்திரிச்சிராதன்னு சொல்லுதீங்களே. உங்களுக்கே நியாயமா இருக்கா?"

"தப்புதான்பா. வேல விஷயம். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"வேலைன்னா கத்தச் சொல்லுங்க. நல்லா கத்தச் சொல்லுங்க. அரகுறையா கத்தி ரெண்டாவது வாட்டி எழுப்பிராதீங்க."

கத்தினேன். முதல் தடவை கூச்சம், பாதியில் நின்றது. இரண்டாம் தடவை என்னைக் கேட்டில் நிறுத்திக் கார்டை வாங்கிக்கொண்ட ஆளை நினைத்துக்கொண்டேன். "இப்ப ஆத்துல எறங்கறியா இல்லையா!" என்று அம்மா யானை போட்ட அதட்டில் பீரோவில் மாட்டியிருந்த வளையல்கள் அதிர்ந்தன. கீழே வீட்டுக்காரம்மா தெலுங்கில் யாரையோ "ஏமைந்தி", என்ன ஆச்சு, என்று கேட்டது காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, சூப்பர்!" என்று ஒரு குரல்.

அந்தக் குரலும் பதிவில் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவை கத்த வேண்டியிருந்தது. அதற்குள் எனக்குக் கத்துவது பழகிவிட்டது. நிறுத்தத்தான் மனம் வரவில்லை.

வெட்டி ஒட்டி, ஃபைலாக மாற்றி, திறந்து பார்த்தேன். கோடு ஏறி இறங்கியது. யானை வந்த இடத்தில் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. அதைக் கொஞ்சம் குறைத்தேன். அனுப்பிவிட்டு, போய்ச் சேரும்வரை அந்தச் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "கேக்குது மேம்." அவ்வளவுதான். பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் குளித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போனார். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவர் வந்து படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஃபோன் நடுங்கியது. சென்னைப் பெண்தான். சாருக்குப் பிடித்திருக்கிறது, வாரம் ஒரு கதை, முதல் கதையை இன்றே அனுப்புகிறேன் என்றாள். யானையை ஆபீசில் எல்லோரும் இரண்டு தடவை கேட்டார்களாம். இதையும் மேம் போட்டுத்தான் சொன்னாள். இந்தத் தடவை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஃபோனை வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஷிஃப்ட் தூக்கத்தில் அவரை நானாக எழுப்பியதில்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"ஏங்க! வேல கெடச்சிடுச்சு!"

கண்ணைத் திறக்காமல், "எனக்குத் தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும் உங்களுக்கு? எப்பிடித் தெரியும்?"

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.