கம்பத்தில் பட்ட பந்து

சித்தி ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகும் சில வகுப்புகள் படித்தேன், அதிகமில்லை. மரக்காணத்தில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் பெண் அவள்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. சனிக்கிழமை தோறும் வீடியோ காலில் வருவாள். வந்ததும் அம்மா அழுவாள், பதிலுக்குச் சித்தி அழுவாள். அழுவதற்கு எதற்கு இவ்வளவு நெட் செலவு என்று கேட்டு நான் அடி வாங்குவேன்.

சித்தியின் குறை ஒன்றுதான். அங்கே யாரும் தன்னோடு பேசுவதில்லை. பெரியவர்கள் மாத்திரைக்கு வாயைத் திறப்பார்கள், பிறகு மூடிக்கொள்வார்கள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். "அங்க இன்னாடி இருக்குது? வந்துடு" என்பதுதான் அந்த ஆறு மாதமும் அவள் பேசிய ஒரே வசனம். எனக்கும் சந்தோஷம்தான். அம்மா துடைப்பத்தை எடுக்கும்போது ஒளிந்துகொள்ளச் சித்தியின் முதுகைவிட நல்ல இடம் அந்த வீட்டில் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை சித்தி அழவில்லை. "இரு அக்கா, மேட்ச் ஓடுது" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பெரிய டிவி, அதற்கு எதிரில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். எல்லாக் கழுத்திலும் பச்சைக்கோடு போட்ட மப்ளர்.

உப்பளத்திலிருந்து வந்த அப்பா, முழங்கால்வரை காய்ந்த உப்போடு அப்படியே போன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு காலத்தில் கபடி ஆடியவர்.

"இது இன்னா ஆட்டம்? கையில தூக்கிட்டு ஓடுறான், கால்ல ஒதைக்கிறான், அடுத்தவன் தோள்மேல ஏறுறான். கேக்கறதுக்கு ஆளே இல்லியா?"

"இந்த ஊரு ஃபுட்பால் மாமா. பச்சைதான் இவங்க டீம். இந்த வருஷம் ஒன்னுகூட ஜெயிக்கல. எதிர்ல ஆடுறது போன வருஷம் கப் அடிச்சவங்க."

"தோத்தாங்கோளி டீமா!" என்றேன் நான். "உனக்கேத்த டீம்தான் சித்தி."

"வர்றேன்டா ஊருக்கு. மொத அடி உனக்குத்தான்."

பந்து பப்பாளிப் பழம் மாதிரி நீளமாக இருந்தது. எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. எங்களுக்குப் புரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது, நேரம் முடியப்போகிறது, கடைசி உதை பச்சைக்காரனுடையது. அவன் ஓடிவந்து உதைத்தான். பந்து நேராகப் போய்க் கோல் கம்பத்தில் பட்டு விழுந்தது.

"போச்சு!" அப்பா தொடையில் அடித்துக்கொண்டார். அம்மா "மாதாவே!" என்றாள். நான் தோத்தாங்கோளிப் பாட்டை ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் போனுக்குள் பூகம்பம். கூரை தெரிந்தது, தரை தெரிந்தது, யாருடைய செருப்போ தெரிந்தது. ஒரு தாத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். ஒரு பாட்டி கரண்டியால் தட்டைத் தட்டினாள். பல்லில்லாத ஒரு வாய் வந்து போனுக்கே முத்தம் கொடுத்தது. இன்னொருவர் தன் மப்ளரைக் கழற்றிச் சித்தியின் கழுத்தில் போட்டார்.

"சித்திக்குப் பொன்னாடை போத்துறாங்கம்மா!" என்று கத்தினேன்.

"அக்கா! ஜெயிச்சிட்டோம்! நாங்க ஜெயிச்சிட்டோம்!"

"கம்பத்துல பட்டுச்சேம்மா?" என்றார் அப்பா.

"கம்பத்துல பட்டாலும் ஒரு பாயின்ட் மாமா! அந்த ஒன்னுலதான் ஜெயிச்சோம்!"

"தப்பா அடிச்சதுக்கா பாயின்ட் குடுக்கறாங்க?" என்றார் அப்பா. எனக்கு அந்த நாட்டின்மேல் அப்போதே பெரிய மரியாதை வந்துவிட்டது. எங்கள் கணக்கு வாத்தியாரை ஒரு வருஷம் அங்கே அனுப்பிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நாங்களா?" என்று முணுமுணுத்தாள்.

அங்கே யாரோ சித்தியைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஒரு நிமிஷம் அக்கா, கூப்புடுறாங்க" என்று போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு வெறும் கூரைதான். சித்தியின் பெயரை ஆளுக்கு ஒரு மாதிரி உடைத்து, ஒருவர்கூடச் சரியாகச் சொல்லாமல், அத்தனை பேரும் கூப்பிடுவது கேட்டது. நடுவே சித்தியின் சிரிப்பு. கட் பண்ணிவிடலாம் என்று நான் கை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அம்மா வழக்கமான வசனத்தைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அங்க குளிரு எப்படிடி? அந்த மப்ளர் தாங்குமா?" என்றாள் அம்மா.

"தாங்கும் அக்கா."

"அடுத்த மேட்ச் எப்ப?"

"வர்ற சனிக்கிழமை."

"அடுத்த மாசமும் இருக்குதா?"

"இருக்குது..." என்று சொன்ன சித்தி, பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். நெட் நின்றுவிட்டதோ என்று நான் போனைத் தட்டினேன்.

"எல்லாத்தயும் போட்டுக் காட்டு. நாங்களும் பாக்குறோம்" என்றாள் அம்மா.

வீடியோ கால் முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள். நான் பின்னாலேயே போய் வம்பிழுத்தேன். "இன்னாம்மா, அந்தப் பச்சை டீம்மேல உனக்கு அவ்ளோ பைத்தியமா?"

"ஆமாண்டா" என்றாள்.

நானும் அதை நம்பி, அன்று சாயங்காலம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.