ஊதாக் கோட்டுக்குக் காவல்

எங்கள் ஊர்ச் சங்கத்தில் தலைவர் தெரிவு என்றால், பெரியப்பாவைத் தெரிவு செய்வது என்று பொருள். யாழ்ப்பாணத்தில் ஒரே ஊரில் பிறந்து ஸ்காபரோவில் வந்து சேர்ந்தவர்களின் சங்கம் அது. அப்பாவின் தமையனான பெரியப்பா, நான் பிறக்கும் முன்பே அதன் தலைவராகி, எனக்கு ஒன்பது வயதாகியும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவரை யாரும் எழும்பச் சொல்லவுமில்லை. சொல்வதற்குச் சங்கத்தின் சட்டப் புத்தகமான யாப்பில் ஒரு வழி இருந்தது. ஆனால் அந்த வழியால் போய்ச் சேர்ந்தவர் எவருமில்லை.

வழி இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தலைவர் பதவிக்கான வேட்பாளர் தெரிவு நடக்கும். போட்டியிட விரும்புகிறவர் மண்டபத்தின் ஒரு சுவரோரம் போய் நிற்க வேண்டும். அவரை விரும்புகிறவர்கள் எல்லோரும் பார்க்க நடந்துபோய் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். பிறகு தலைகளை எண்ணுவார்கள். மண்டபத்தில் இருப்பவர்களில் கால்வாசிப் பேரைத் திரட்டினால்தான் அவர் வேட்பாளர். இல்லாவிட்டால் கலைந்துபோய் ரோல்ஸ் சாப்பிடலாம். இரண்டு வேட்பாளர்கள் வந்துவிட்டால், ஏப்ரலில் ஒரு நாள் காலையிலிருந்து இரவு வரை பெட்டி வைத்து, துண்டில் எழுதிப் போடுகிற வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டும். ஒருவர்தான் என்றால் மாலையோடு காரியம் முடிந்தது.

பெட்டி பெரியப்பாவின் கராஜில் இருந்தது. அது சும்மா கிடக்கிறதே என்று பெரியம்மா அதற்குள் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

அம்மாவுக்கு அந்தப் பெட்டிமேல் தீராத ஆசை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலையில் பின்னேரம் நாலு மணியிலிருந்து இரவு பன்னிரண்டு வரை வேலை. ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை, ஒரு ஞாயிறு நின்றால் அடுத்த கிழமை கூப்பிட மாட்டார்கள். சங்கக் கூட்டம் ஒரு மணிக்கு என்று போட்டால் இரண்டரைக்குத் தொடங்கும். அஞ்சலி, வரவேற்பு, செயலாளர் அறிக்கை, அறிக்கையில் பிழை பிடித்தல், பிழை பிடித்தவருக்குப் பதில் சொல்லல் எல்லாம் முடிந்து ஆட்களை எண்ணத் தொடங்க நாலு மணியாகும். அம்மா மூன்று தடவை கூட்டத்துக்குப் போனவர். ஒரு தடவையும் எண்ணப்படாதவர். அவரைப்போல் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். பெரியப்பா மெத்தப் பெரிய வெற்றி வீரரெல்லாம் இல்லை, அவருக்கு எதிராக நிற்கக்கூடியவர்கள் மூன்றரைக்கு பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் சின்னம்மா போட்டியிடப்போவதாகச் சொன்னார். அம்மாவின் தங்கை அவர். கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர் என்பதால் பல பேருக்கு அவரைப் பிடிக்காது. பள்ளிக்கூட மண்டபம் கட்டித் தருகிறேன், பொங்கல் விழாவைப் பெரிதாகச் செய்கிறேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. பெட்டியை ஒவ்வொரு முறையும் வெளியே எடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கோரிக்கை. எங்கள் மல்வேர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு சகோதரிகளும் ஒரு மாதமாக ரெலிபோனும் கையுமாக இருந்தார்கள். அப்பா அந்த மேசைப் பக்கம் வருவதில்லை. அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டது பெரியப்பா. வந்த முதல் இரண்டு வருடம் படுக்க இடம் தந்ததும் அவர்தான். எல்லோரும் பார்த்திருக்க மண்டபத்தைக் குறுக்கே கடந்து தமையனுக்கு எதிர்ச் சுவரில் போய் நிற்பது அப்பாவால் முடியாத காரியம். அம்மாவும் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை நான் சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று வெளியே நல்ல பனி. அஜின்கோர்ட்டில் வாடகைக்கு எடுத்த மண்டபம். என்னை வீட்டில் தனியே விட முடியாததால் கூட்டிக்கொண்டு போனார்கள். அறிக்கை வாசிப்பு முடிவதாக இல்லை. மூன்று மணியாயிற்று. மூன்றேகாலாயிற்று. அம்மாவை ஏற்றிப்போக, கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் காரோடு வெளியே வந்து நின்று ஹோன் அடித்தார். அம்மா எழும்பி, சபையின் நடுவில் நின்று பெரியப்பாவிடம் பேசினார்.

“அத்தான், நான் இப்ப இஞ்ச நிக்கிறன். என்னை இப்ப எண்ணுங்கோ.”

பெரியப்பா அறிக்கைத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒழுங்கு என்ற சொல்லைக் கண்டால் கும்பிடுகிறவர்.

“எண்ணேக்க நிக்கிற ஆக்களைத்தான் பிள்ளை எண்ணலாம். யாப்பில அப்பிடித்தான் கிடக்கு.”

“எண்ணேக்க நான் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு நிப்பன்.”

சபையில் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சின்னம்மா நிற்கப்போகிற சுவரோரத்தில் முன்வரிசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். தன் ஊதா நிறக் குளிர்க் கோட்டைக் கழற்றி அந்தக் கதிரையின் முதுகில் மாட்டினார். ஸிப் பழுதாகி, கழுத்தடியில் சேப்டி பின் குத்திய கோட் அது. எங்கள் ஆட்களின் கல்யாண வீட்டிலும் சாமத்தியச் சடங்கிலும் ஒரு வழக்கம் உண்டு. கோட் போட்ட கதிரை ஆள் இருக்கிற கதிரை. ஆள் சாப்பிடப் போயிருக்கலாம், கார் பார்க்கிங்கில் கதைத்துக்கொண்டிருக்கலாம், ஒரு மணி நேரம் வராமலே இருக்கலாம். அதில் போய் இருக்கிற துணிவு எவருக்கும் வராது.

“கலியாண வீட்டில கோட்டை ஆளா மதிக்கிறனீங்கள். இஞ்சயும் மதியுங்கோ,” என்றார் அம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார். “உதில ஒருத்தரையும் இருக்க விடாத. கோட்டையும் ஒருத்தரும் எடுக்கக் கூடாது. விளங்குதோ?”

எனக்கு நன்றாக விளங்கியது. அம்மா ஸ்வெட்டரோடு பனிக்குள் இறங்கிப் போனார். அவரோடு இன்னும் நாலைந்து பேர் வேலைக்குக் கிளம்பினார்கள். அவர்கள் புத்திசாலிகள், கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று நான் காத்த காவலைப் பற்றிப் பெருமையாகவே சொல்வேன். ஒரு கிழவர் முழங்கால் வலி என்று இருக்கப் பார்த்தார். “திஸ் சீட் இஸ் டேக்கன்” என்றேன். பெரியம்மா ஒரு தட்டில் வடையோடு வந்து, கோட்டைத் தூக்கி ஓரமாக வைக்கட்டா என்று கேட்டார். வடையை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்றேன்.

நாலு மணிக்கு ஆட்கள் சுவர்களுக்குப் பிரிந்தார்கள். கணவன்மார் எந்தச் சுவருக்குப் போகிறார்கள் என்று பார்த்து மனைவிமார் போனார்கள். கடைக்காரர் எந்தச் சுவருக்குப் போகிறார் என்று பார்த்து அவரிடம் வேலை செய்கிறவர்கள் போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி, எங்கள் மேசையில் இருந்து பெட்டிக்காக வாதாடியவர், நிலத்தைப் பார்த்தபடி பெரியப்பா பக்கம் நடந்தார். அப்பாவும் அங்கேதான் நின்றார். ஆனால் எண்ணுவதற்கு அவரையே கூப்பிட்டார்கள். ஊரில் டியூட்டரியில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஸ்கூல் பஸ் ஓட்டினாலும் அவருடைய எண்ணிக்கையில் எவரும் சந்தேகப்படுவதில்லை.

அப்பா ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அம்மாவின் கதிரைக்கு வந்ததும் நின்றார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொடாமல் அடுத்த ஆளுக்குப் போனார்.

“மொத்தம் எழுபத்தேழு. தங்கச்சியின்ர பக்கம் பத்தொன்பது,” என்று அறிவித்தார். சின்னம்மாவைத்தான் சபையில் அவர் தங்கச்சி என்பார்.

“கால்வாசிக்கு இருபது வேணும். ஒண்டு குறையுது,” என்றார் பெரியப்பா.

“கோட்டை எண்ணினால் இருபது,” என்றார் சின்னம்மா.

இதற்குப் பிறகு நடந்த வாதத்தை நான் விவரிக்கப்போவதில்லை. கோட்டுக்கு அங்கத்துவச் சந்தா கட்டியாயிற்றா என்று ஒருவர் கேட்டார் என்பதிலிருந்து தரத்தை ஊகித்துக்கொள்ளலாம். கடைசியில், கோட்டை எண்ண முடியாது, ஆனால் யாப்பின்படி கால் மணி நேரம் கழித்து இரண்டாம் தடவை எண்ண வேண்டும், அதுதான் முடிவு என்றார்கள். அந்தக் கால் மணிக்குள் யாரும் யாரையும் மனம் மாற்றலாம். சுவர் மாறலாம். வெளியேயும் போகலாம், ஆனால் போனவர் திரும்ப உள்ளே வர முடியாது, அவர் கணக்கிலும் இல்லை. சின்னம்மா தன்னுடைய ஆட்களில் ஒருவரும் நழுவாதபடி கதவடியில் போய் நின்றுகொண்டார். எதிர்ச் சுவரில் இருந்து ஒரே ஒருவர் வந்தால் போதும். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் ரோல்ஸைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அப்பா எண்ணிக்கைப் புத்தகத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். கதிரையிலிருந்து கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, “வா பிள்ளை” என்றார்.

நான் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. “எங்கயடா போறாய்?” என்று பெரியப்பா அங்கிருந்து கேட்டார்.

“கோட்டைக் குடுத்திட்டு வாறன் அண்ணை. பன்ரண்டு மணிக்கு பஸ்ஸால வாறவள், இந்தக் குளிருக்க.”

“எண்ணி முடியட்டுமே.”

“இல்லை அண்ணை. இப்பவே போறன்.”

பெரியப்பாவுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் அப்பா மறுத்துச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னம்மா கதவை விட்டு விலகி வழி விட்டார். அவரும் என்னைக் காப்பாற்றவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

காரில் நான் அழுதேன். அழுதுகொண்டே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அம்மா என்னை நம்பி விட்டுப்போன கோட்டை அப்பா களவெடுத்துவிட்டார், “தட்ஸ் சீட்டிங்” என்றேன்.

“நீங்க பெரியப்பாட சைட்,” என்றேன்.

“ஓம்,” என்றார் அப்பா, சிக்னலைப் போட்டுக்கொண்டே.

தொழிற்சாலை வாசலில் காவலாளி உள்ளே சொல்லி அனுப்ப, அம்மா தலையில் நீல வலையோடு ஓடி வந்தார். நான் முந்திக்கொண்டு முறையிட்டேன். அம்மா என்னைக் கவனிக்காமல் அப்பாவிடம் கேட்டார்.

“எத்தினை பேர்?”

“எழுபத்தேழு. உங்கட பக்கம் பத்தொன்பது,” என்றார் அப்பா. கோட்டை நீட்டினார். “இப்ப எழுபத்தாறு.”

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். வலையை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, கோட்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நான் தோற்றுப்போய் நிற்கிறேன், இவருக்குச் சிரிப்பு வருகிறதே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அப்பா திரும்பும் வழியில் இரண்டு ஹொட் சொக்லேட் வாங்கினார். நான் தொடவில்லை. அவர் கார் பார்க்கிங்கில் இருந்து இரண்டையும் ஆறுதலாகக் குடித்து முடித்தார். மண்டபம் பக்கத்தில்தான் இருந்தது, போகவில்லை.

அன்று மாலையே சின்னம்மா ரெலிபோன் எடுத்து, தான் வேட்பாளர் ஆகிவிட்டதாகக் கத்தினார். யாரோ நல்ல மனிதர் கடைசி நேரத்தில் சுவர் மாறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா வெங்காயத்தை எல்லாம் ஒரு வாளியில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். ஏப்ரலில் காலை எட்டு மணிக்கே அம்மா போய்த் தன் துண்டைப் போட்டார். கையில் வெங்காய மணம் ஒரு நாள் முழுக்க இருந்தது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார். சின்னம்மா தோற்றார். ஆனால் சுவரோரம் பத்தொன்பது பேர் நின்றவருக்குப் பெட்டிக்குள் நாற்பத்தொரு துண்டு இருந்தது. அதைக் கண்டபின் பெட்டி கராஜுக்குத் திரும்பவில்லை.

அம்மாவின் வாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அப்பா என்று பல வருடமாக நான் எல்லோருக்கும் கதை சொன்னேன். அவர் முன்னாலேயே சொன்னேன். அப்பா மறுத்ததில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

போன வருடம் என்னைச் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள். பழைய கூட்டப் புத்தகங்களைப் புரட்டியபோது அந்தப் பக்கம் வந்தது. முதல் எண்ணிக்கை அப்பாவின் உருண்டைக் கையெழுத்தில்: எழுபத்தேழு, பத்தொன்பது. இரண்டாம் எண்ணிக்கை வேறொருவரின் கோணல் எழுத்தில்: எழுபத்தாறு, பத்தொன்பது. ஒருவரும் சுவர் மாறவில்லை. ஒரே ஒருவர் வெளியே போயிருந்தார்.

எழுபத்தேழில் ஒன்று போனால் எழுபத்தாறு என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதை நாலால் வகுக்கத்தான் அந்த வருடம் இன்னும் படிப்பித்திருக்கவில்லை.