‘தேவலை’ என்று திருத்தப்பட்டவள்

ஒரு சொல்லைத் திருத்தினால் அதைச் சொன்ன மனுஷியும் மாறிப்போய்விடுவாளா? என் முதல் நாவல் அச்சில் வந்ததிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் திரிகிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

என் மகன் தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்தான். அப்போது புதுப்பட்டினத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு அந்தப் பக்கம் வேலை. எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபோது, செங்கல்பட்டிலிருந்து மாமியார் வந்து எங்களோடு தங்கினார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலியால் குழந்தையைத் தூக்க முடியாது. அதனால் மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்தோம். நாற்பது வயதைத் தாண்டியவள். மகனுக்கு அவள் ஆயா. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

ஆயாவைப் பற்றி நல்லது மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். சொன்ன நேரத்துக்கு வரமாட்டாள். வெற்றிலையை மென்று மாமியாரின் துளசிச் செடி ஓரமாகவே துப்புவாள். குழந்தை சோற்றைத் தள்ளிவிட்டால், “துன்னுடா, உங்கப்பன் வூட்டுச் சோறுதான், ஓசி இல்ல” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். நான் குழந்தையைக் குளிப்பாட்டத் திணறும்போது பக்கத்தில் நின்று, “இன்னாம்மா டீச்சரு, இது உங்க புஸ்தகத்துல போடலியா?” என்று சிரிப்பாள்.

அவளிடம் ஒரு சொல் இருந்தது: ‘தாவல’. பரவாயில்லை, விடு, இன்னும் மோசமாகியிருக்கலாம் என்று எல்லாமே அதற்குள் அடக்கம். பால் பொங்கி வழிந்தால் தாவல. காய்ந்த துணி மழையில் நனைந்தால் தாவல. ‘தேவலை’ என்பதைத்தான் இவர்கள் இப்படிச் சிதைத்துவிட்டார்கள் என்று மாமியார் ஒருநாள் விளக்கினார். கொச்சை என்றும் சொல்லி முகத்தைச் சுளித்தார்.

மகனுக்கு ஒரு வயது நிறையவில்லை. பள்ளிக்கு விடுமுறை. கட்டிலில் அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உருண்டு விழுந்துவிட்டான். இடது புருவம் கிழிந்து ரத்தம். நான் அலறியதைக் கேட்டு மாமியார் வந்து அறை வாசலில் நின்றார்.

“எங்கே பார்த்துக்கிட்டிருந்தே? பெத்தது ஒண்ணு. அதைப் பார்த்துக்கத் தெரியலை, நீ ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறே.”

ஆயா சமையலறையிலிருந்து ஓடிவந்து குழந்தையை வாரி இடுப்பில் வைத்தாள். முந்தானையால் புருவத்தை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கையால் என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். மீனும் வெற்றிலையும் கலந்த வாசம்.

“தாவல வுடும்மா. கத்திகினு கீறான் இல்ல? அழுவுற புள்ளைக்கு ஒண்ணியும் ஆவாது. நீ இன்னாத்துக்கு அழுவுற? வுடு, தாவல.”

தையல் போட்டார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு மகன் பேச ஆரம்பித்தான். ‘அம்மா’வுக்கு அடுத்து அவனுக்கு வந்த சொல் ‘இன்னா’. ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் “காக்கா கீது” என்பான். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கிண்ணம் தரையில் கவிழ்ந்தது. சிந்திய பருப்புச் சோற்றைக் குனிந்து பார்த்து, பெரிய மனுஷன் போல, “தாவல” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் இலையைப் பாதியில் மடித்தார்.

“காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவ வீட்டுல குழந்தை இன்னாங்கிறான், கீதுங்கிறான். நாளைக்கு ஸ்கூல்ல சேர்க்கப் போனா என் மானம் போகும். அவளை நிறுத்திடு.”

“பள்ளிக்கூடம் போனா தானா மாறிடும், அத்தை.”

“மாறாது. நாக்கு முதல்ல பழகினதுதான் நிக்கும்.”

கணவர் மோரைக் குடித்து முடித்து எழுந்து போனார். மறுநாள் நான் பள்ளியில் இருந்த நேரத்தில், மாமியாரே ஆயாவை வாசலில் நிறுத்தி இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் திரும்பியபோது மகன் வாசல் கதவைத் தட்டித்தட்டி ஆயாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் அமையவில்லை. நான் வேலையை விட்டேன். கொஞ்ச நாளில் செங்கல்பட்டுக்கே, மாமியாரின் வீட்டுக்கே, குடிபெயர்ந்தோம்.

மகன் தூங்கும் மதிய நேரங்களில் அங்கேதான் நாவலை எழுதினேன். ஓர் இளம் தாய், அவள் மாமியார், நாத்தனார். அவ்வளவுதான் கதை. வீட்டில் இருக்கிறவர்களை அப்படியே எழுதும் தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் ஆட்களை இடம் மாற்றினேன். என் மாமியாரின் நாக்கைக் கதையின் நாத்தனாருக்குக் கொடுத்தேன். வாசலில் நின்று “எங்கே பார்த்துக்கிட்டிருந்தே” என்று கேட்பவள் அவள்தான். ஆயாவின் மனசைக் கதையின் மாமியாருக்குக் கொடுத்தேன். கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூக்கி, மருமகளின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொள்கிற மாமியார். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு மாமியார் இல்லை. ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாள்.

ஆசிரியர் குடும்பத்து மாமியார் ‘இன்னா கீது’ என்று பேசினால் கதை ஒட்டாது என்று, அவள் பேச்சைப் பொதுப்பேச்சாக மாற்றினேன். ‘தாவல’ ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அந்தச் சொல்லில்தான் ஆயா இருந்தாள்.

ஒரு வாரப் பத்திரிகை அதைத் தொடராக வெளியிட்டது. அங்கே பிழை திருத்துகிறவர் அதை என் கைப்பிழை என்று எடுத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் ‘தேவலை’ ஆக்கிவிட்டார். போன் செய்து கேட்டேன். “பிழையைத் திருத்தினதுக்குக் கோபிச்சுக்கிற முதல் ஆள் நீங்கதாம்மா” என்றார். நான் மன்னிப்புக் கேட்டு போனை வைத்துவிட்டேன். பிறகு புத்தகமாக வந்தபோதும் அதுவே நிலைத்தது.

இதில் ஒரு விபரீதம். என் மாமியார் நாள் முழுக்கச் சொல்கிற சொல் ‘தேவலை’. முட்டி வலி எப்படி என்றால் “இன்னிக்குத் தேவலை”. வெயில் எப்படி என்றால் “நேத்திக்கு இது தேவலை”. தொடரைப் படித்தவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டார்.

“என்னைத்தான் எழுதியிருக்கா. நான் பேசறது அப்படியே இருக்கு, பாருங்க. அன்னிக்கு இவ அழுத அழுகை! நான்தான் குழந்தையைத் தூக்கி, தேவலை விடும்மா, அழற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னேன்.”

“அப்ப அந்த நாத்தனார் யாரு மாமி?”

“வேற யாரு, என் பெரிய பொண்ணுதான். அவ குணம் அச்சா வந்திருக்கு.”

அந்தத் தீபாவளிக்குப் பெரிய நாத்தனார் வீட்டுக்கு வரவில்லை.

மாமியார் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவர் நம்பினார். கணவரிடம் தனியாகக் கேட்டேன். “அம்மாதானே தூக்கினாங்க? எனக்கும் அப்படித்தான் ஞாபகம்” என்றார். அன்று அவர் வீட்டிலேயே இல்லை. என் நாவலைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புத்தகம் வந்தபிறகு மாமியார் மாறினார். வந்தவர்கள் எதிரே என் தோளைத் தட்டிக்கொடுப்பார். பிறகு யாரும் இல்லாதபோதும் தட்டிக்கொடுத்தார். நான் குழம்பைத் தீய்த்த ஒரு நாள், திட்டு விழும் என்று நின்றிருந்தேன். “தேவலை விடு” என்றார். கிடைக்கிறதே என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் அது யாரிடமிருந்து பிடுங்கி எனக்குத் தரப்படுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். நன்றியாக இருக்கவேண்டிய இடத்தில் வாயில் கசப்புதான் ஊறுகிறது.

போன வருடம் மகனை மகாபலிபுரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் மனசு கேட்காமல் புதுப்பட்டினம் சந்தைக்குப் போனேன். ஆயா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“வாம்மா கதைக்காரம்மா. உன் மாமியாருக்குக் கோயில் கட்டிகிறியாமே! எம்பொண்ணு படிச்சுக் காட்டுச்சு.”

“ஆயா, அது மாமியார் இல்ல. அது நீங்கதான்.”

“நானா?” பக்கத்துக் கூடைக்காரியிடம் திரும்பினாள். “கேட்டியாக்கா, அது நானாம்! நான் எந்தக் காலத்துலம்மா தேவலைன்னு பேசுனேன்? என் வாயில அது நொயையுமா?”

“நான் தாவலன்னுதான் எழுதினேன். அவங்க மாத்திட்டாங்க.”

“மாத்திட்டாங்களா?” சிரிப்பு நின்றது. “என் பேச்சு புள்ளைக்கு ஒட்டிக்கும்னு வூட்ட வுட்டுத் தொரத்துனீங்க. புக்குல இருந்தும் தொரத்தியாச்சா? உன் மாமியாரு கழுத்தப் புடிச்சுத் தள்ளுச்சு, நீ அதுக்கே மாலை போட்டுகிற. நல்லா கீது.”

அவள் என் மகனைப் பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் இடது புருவத்தைத் தொடப்போனாள். அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரும்மா இவங்க?” என்றான். சுத்தமான தமிழில்தான் கேட்டான்.

அவள் அந்தச் சொல்லைச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கூடைக்குத் தண்ணீர் தெளிக்கத் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் மகன் தழும்பைத் தடவிக்கொண்டே, “அவங்க ஏம்மா இதைத் தொட வந்தாங்க? பாட்டிதானே என்னைத் தூக்கினாங்க?” என்று கேட்டான். யாரோ ஒருவர் அவனிடம் உண்மையைச் சொல்லவேண்டும். சொல்ல ஆள் நான் ஒருத்திதான். அன்றும் நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எழுதும்போதுதான் கவனிக்கிறேன், மாமியாரை ‘அவர்’ என்கிறேன், ஆயாவை ‘அவள்’ என்கிறேன். ‘அவர்’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தது. திருத்தாமல் விட்டுவிட்டேன். இது சரியா என்பதும் தெரியவில்லை.

இப்போது நாவல் மறுபதிப்புக்குப் போகிறது. திருத்தங்கள் இருந்தால் சொல்லச் சொல்லிப் பதிப்பாளர் கேட்டிருக்கிறார். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. மகன்தான் சாயங்காலம் அந்த நாவலை அவருக்கு வாசித்துக் காட்டுகிறான். “தேவலை” வரும் இடத்தில் இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள். புதுப் பதிப்பில் அது ‘தாவல’ ஆனால், வாசிக்கிறவன் நிற்பான். கேட்கிறவருக்கு அடுத்த நொடியே புரிந்துவிடும், அவர் தமிழாசிரியை. எனக்குக் கிடைத்துவரும் கொஞ்சம் கனிவும் அன்றோடு முடியும். மாற்றாவிட்டால், தன்னைத் தூக்கியவளைத் தெரியாமலேயே என் மகன் வளர்ந்துவிடுவான்.

இந்தக் கட்டுரையை மாமியாருக்கு யாரும் வாசித்துக் காட்டமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதத் தொடங்கினேன். அந்தத் தைரியம் இப்போது பாதிதான் இருக்கிறது. படிக்கிற நீங்கள், முக்கியமாகக் குழந்தையை வேறொருத்தியின் இடுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்மார்கள், எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். நான் அந்தச் சொல்லைப் பழையபடி ஆக்கட்டுமா? ஆக்கினால், பதிப்பாளருக்கு முதலில் சொல்வதா, மகனுக்கா?