கேட்காமல் எழுதிய வரி

அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார் செல்லியம்மா. முள்ளுக்கும் கல்லுக்கும் பயந்து எல்லோரும் தரையைப் பார்த்து நடக்கிற வண்டிப்பாதையில் இவர் கண் மட்டும் மேலே, மின்கம்பியில் இருக்கும். கால் கட்டைவிரல் இரண்டிலும் இடித்துக்கொண்ட காயம் ஆறியதே இல்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வந்துவிட்டால் நடுப்பாதையில் கையை விரித்து நின்றுவிடுவார். "நில்லு நைனா, நில்லு. மேல பாத்தியா? பாக்காம அப்டி இன்னா அவசரம் ஒனக்கு?" டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டுவான். பாரத்துக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணால் அளந்து பார்த்த பிறகுதான் இவர் ஒதுங்குவார்.

ஏர்பேட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காலனி. அங்கே இவர் நடவு மேஸ்திரி. பதினான்கு பெண்கள் இவர் கையில் இருக்கிறார்கள். ஆண்களில் பாதிப் பேர் சென்னைக்குக் கட்டட வேலைக்கும், மீதிப் பேர் நாயுடுபேட்டைப் பக்கம் புதிதாக முளைத்த கம்பெனிகளுக்கும் போய்விட்டதால், நாற்று நட இந்தப் பதினான்கு பேரை விட்டால் நாதியில்லை. அந்தத் தைரியத்தில் செல்லியம்மா நிலக்காரர்களுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மோட்டாரை நிறுத்தி, பீஸ் கட்டைகளைப் பிடுங்கி இவரிடம் கொடுத்தால்தான் யாரும் சேற்றில் கால் வைப்பார்கள். கட்டைகள் முந்தானையில் முடிந்திருக்கும்; எல்லோரும் கரையேறிய பிறகுதான் திரும்பக் கிடைக்கும். "என் ஜனம் தண்ணியில நின்னுகினு கீது, நீ கரையில நின்னுகினு கீற. யாரு சாக்கிரதயா இருக்கணும், நீயே சொல்லு" என்று நிலக்காரனையே கேட்பார். சட்டக் கல்லூரியில் இதை ஒரு வருடம் நடத்துகிறார்கள். செல்லியம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. போன தை மாதம் நான் போயிருந்த அன்று, சிவசங்கரி என்ற பெண்ணின் தூக்கில் இருந்த கருவாட்டுக் குழம்பைக் காணோம். ஜெயம்மாதான் துன்னுட்டாள் என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஜெயம்மாவோ காய்ச்சல் என்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள். செல்லியம்மா நாற்றுமுடியைக் கீழே வைத்தார். "அவ இல்லாதப்ப அவளப் பத்திப் பேச வேணா. போயி இட்டாங்க. அவ வாயாலயும் கேக்கலாம்." ஒரு மைல் தூரம் ஆள் போனது. நிலக்காரர் வரப்பில் குதித்தார். ஜெயம்மா போர்வையோடு வந்து நின்று, "நாயி கவுத்துட்டு துன்னுகினு இருந்திச்சிக்கா. நான்தான் அத வெரட்டிட்டு தூக்க கழுவி வச்சேன்" என்றாள். வாயைத் திறந்த பன்னிரண்டு பேரும் மூடிக்கொண்டு வயலில் இறங்கினார்கள்.

ஒரு வாய்க் குழம்புக்குக் கிடைத்த இந்த மரியாதை, செல்லியம்மாவின் புருஷன் பெயருக்குக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நான் திருப்பதியில் புருஷோத்தமன் என்ற வக்கீலிடம் இருபது வருடமாகக் குமாஸ்தா. எத்தனையோ கேஸ் கட்டுகளைப் பார்த்தாயிற்று. இந்தக் கட்டை எடுத்தால் மட்டும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

விஷயம் சின்னது. காலனிக்கு வெளியே வண்டிப்பாதையைக் குறுக்கே கடந்து ஒரு பதினோராயிரம் வோல்ட் கம்பி போகிறது. 1997இல் ஒரு கம்பம் சாய்ந்து, கம்பி தொய்ந்து, ஆள் கை தூக்கினால் எட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. செல்லியம்மாவும் அவர் புருஷன் கருப்பனும் கரண்டாபீசுக்கு மூன்று அர்ஜி கொடுத்தார்கள். மூன்றும் ஒரே அதிகாரியின் மேஜைக்குத்தான் போயின. கடைசியில் கோவர்த்தனன் என்ற லைன்மேன் வந்தான். சம்பளத்துக்கு இருப்பவன் அல்ல. அப்போதுதான் வேலைகளையெல்லாம் காண்டிராக்டில் விட ஆரம்பித்திருந்தார்கள், அந்தக் காண்டிராக்டரின் ஆள். புதுக் கம்பம் வரவில்லை என்றான். வந்ததற்கு ஒரு காரியம் செய்தான். நீளமான சவுக்குக் கழியொன்றை வெட்டி, நுனியில் கவை விட்டுச் சீவிக் கொடுத்தான். "பாரவண்டி வந்தா இத்தால கம்பிய தூக்கிப் புடிச்சிக்கோங்க. காஞ்ச கட்ட, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலனிக்காரர்கள் அதை அரசாங்க ஏற்பாடு என்றே நம்பினார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு. ஆபீசிலிருந்து வந்த ஆள், ஆபீஸ் சைக்கிளில் வந்து, தன் கையால் செய்து கொடுத்தது அல்லவா! கழியை வேப்பமரத்தில் சாத்தி வைத்து, எந்த வண்டி வந்தாலும் யாராவது ஒருவர் ஓடிப்போய்க் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும், வண்டி கடந்ததும் இறக்குவதுமாக ஒன்றரை வருடம் ஓட்டினார்கள். முறை போட்டுக்கூடச் செய்தார்கள். லைன்மேன் பலமுறை அந்தக் கம்பிக்கடியில் போனான், அதிகாரியின் ஜீப்பும் போனது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1998 ஐப்பசியில், ராத்திரியெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலை. முனிசாமி என்பவரின் வேர்க்கடலைக் கொடி வண்டி வந்தது. அன்றைக்குக் கருப்பன் முறை. கழி ஊறிப்போயிருந்தது. தூக்கினார். அவ்வளவுதான்.

நான்காவது நாள் கரண்டாபீஸ் அறிக்கை தயார். அதில் ஒரு வரி: 'இறந்தவர் கொக்கிக் கம்பால் மின்சாரம் திருட முயன்றபோது தன் சொந்த அலட்சியத்தால் உயிரிழந்தார்.' கவை வைத்த கழியைப் பார்த்தார்களாம், கொக்கி என்று எழுதிவிட்டார்களாம். படுபாவிகள்! பதினோராயிரம் வோல்ட்டில் கொக்கி போட்டு எவன் எதை ஓட்ட முடியும்? கருப்பனுக்குக் கிணறும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. வீட்டில் ஒரே ஒரு பல்பு, அதற்கும் பில் கட்டிய ரசீது இருக்கிறது. கம்பத்திலிருந்து நாற்பது எட்டில் செல்லியம்மாவின் வீடு. வண்டியோடு நின்ற முனிசாமி அந்த நான்கு நாளும் ஊரில்தான் இருந்தார், பிறகுதான் மகனோடு சென்னைக்குப் போனார். ஒருவரையும் கேட்கவில்லை. எழுதியவர் யார் தெரியுமா? மூன்று அர்ஜியும் எந்த மேஜையில் தூங்கினவோ, அந்த மேஜைக்காரரேதான்.

புருஷோத்தமன் சார் புது ஜூனியர்களுக்கு இரண்டே விதி சொல்லிக் கொடுப்பார். ஒருவனுக்கு எதிராக முடிவு எழுதுமுன் அவன் தரப்பைக் கேள். உன் மேலேயே புகார் இருக்கும்போது நீயே நீதிபதியாக உட்காராதே. அதிகாரத்தில் இருப்பவன் இந்த இரண்டையும் மீறினால் அந்த உத்தரவு காகிதக் குப்பை என்பார். இங்கே ஒரே வரியில் இரண்டையும் மீறியிருந்தார்கள். செல்லியம்மா முதல்முதலாக எங்கள் ஆபீசுக்கு வந்தபோது இதை வேறு மாதிரி சொன்னார். "செத்தவர கேக்க முடியாது, ஒத்துக்கறேன். நான் உசுரோடதான கீறேன்? என்ன ஒரு வார்த்த கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்?"

நடுவில் கரண்டாபீசிலிருந்து ஒருவர் வந்து ஆசை காட்டினார். கருணைத் தொகை தருகிறோம், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ரேகை வைத்துவிடு என்றார். செல்லியம்மா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "கருணயா? நான் உங்கிட்ட பிச்சயா கேட்டேன்? மொதல்ல எழுதினத அடி. அப்புறம் மத்தது பேசலாம்." மகள் கல்பனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து, "கரண்டு திருடன் ஊடா இது?" என்று கேட்டுவிட்டுப் போன வாரம் அது. கல்பனா அன்றிரவே நாயுடுபேட்டை கம்பெனி ஹாஸ்டலுக்குத் திரும்பியவள்தான், இரண்டு வருடம் ஊர்ப்பக்கம் வரவில்லை. அந்த ஒரு வரி ஒழிய வேண்டும். செல்லியம்மா கேட்பது அவ்வளவே.

அதற்குள் இன்னொரு கூத்து. லைன் பராமரிப்பு காண்டிராக்டரின் பொறுப்பு என்றது ஆபீஸ். நான் ஆள் அனுப்புகிறவன், கம்பி ஆபீசுடையது என்றார் காண்டிராக்டர். இருவரும் கைகழுவிய பிறகு மிஞ்சியது கோவர்த்தனன். அவனை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. அவன்மேல் போட்டு முடித்துவிடலாம், உனக்கும் நிம்மதி என்று செல்லியம்மாவிடமே யோசனை சொன்னார்கள். இவருக்கு வந்ததே கோபம்! "அந்தப் புள்ள தலமேல கட்டாதீங்க. அவன அனுப்பனது யாரு? கம்பி யாருது? மாசாமாசம் பில்லு வாங்கறது யாரு? அவங்கதான் பதில் சொல்லணும்." வேலைக்காரன் செய்ததற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்ற இதே சட்டத்தை நிரூபிக்கப் புருஷோத்தமன் சார் பதினோரு தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்தார்.

போன வருடம் மேல் கோர்ட்டில் ஜெயித்தோம். ஜெயித்தோம் என்றால் பாதிதான். அந்த அறிக்கை செல்லாது, மனைவியின் தரப்பை முழுமையாகக் கேட்டு, வேறொரு அதிகாரி புதிதாக முடிவு எடுக்க வேண்டும் என்று உத்தரவு. விசாரணைத் தேதி போன புதன்கிழமை, திருப்பதியில் ஒரு பெரிய ஆபீசில். ஆபீஸ் பெயரை எழுதமாட்டேன், வழக்கு இன்னும் முடியவில்லை.

பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவளைப் போல ஒரு வாரமாக ஆயத்தம் செய்திருந்தார் செல்லியம்மா. கழியைக் கொடுத்தது தான்தான் என்று கோவர்த்தனன் பெங்களூரிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம், மூன்று அர்ஜியின் நகல், பல்பு ரசீது எல்லாம் ஒரு மஞ்சள் பையில். பஸ்ஸில் வரும்போது என்னிடம் நாலு தடவை ஒப்பித்தார். "மொதல்ல கம்பம் சாஞ்சத சொல்றேன். அப்பால கழி. அப்பால மழ. சரியா சாரு?" சரி என்றேன்.

காலை பத்தரைக்கு என்றார்கள். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக விசாரிக்க வந்த அதிகாரி நாகபூஷணம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் காண்டிராக்டர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் அவருடைய தோல்பை உட்கார்ந்திருந்தது. செல்லியம்மா கும்பிட்டுவிட்டு நின்றார். நானும் நின்றேன். நாகபூஷணம் டைப் அடித்த ஒரு தாளையும் மைப்பெட்டியையும் இந்தப் பக்கம் தள்ளினார். "இக்கட வேலிமுத்ர வெய்யம்மா." இங்கே ரேகை வை என்று.

தாளை எடுத்துப் படித்தேன். தெலுங்கில் சுத்தமாக அடித்திருந்தது. 'மனுதாரர் நேரில் ஆஜரானார். அவர் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது. புதிதாக எதுவும் சொல்லவில்லை. எனவே முந்தைய முடிவே உறுதி செய்யப்படுகிறது.' இருபது வருடத்தில் இப்படியொரு துணிச்சலைப் பார்த்ததில்லை. அடக்கமாட்டாமல் அங்கேயே, உரக்க, தமிழில் ஒவ்வொரு வரியாக அவருக்குச் சொன்னேன்.

"நான் இன்னும் வாயே தொறக்கலியே சார்" என்றார் செல்லியம்மா.

"அதெல்லாம் பார்மாலிட்டிமா. உங்க கேஸ் மொத்தம் பைல்ல இருக்கு, நான் படிச்சிட்டேன்" என்றார் நாகபூஷணம், இப்போது தமிழில். "லஞ்ச் டைம் ஆயிடுச்சி. சீக்கிரம் வச்சிட்டுப் போங்க." காண்டிராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்லியம்மா மைப்பெட்டியைத் தொடவில்லை. அந்த அறையில் ஒவ்வொருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்த தோல்பையை இரண்டு கையாலும் எடுத்துத் தரையில், காண்டிராக்டரின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். நாற்காலியை மேஜையோடு இடிக்கிற மட்டும் முன்னால் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.