பன்னிரண்டு வகுப்பில் வந்த தன்னம்பிக்கை

லிப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு 'மறுபடி' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இருபத்திரண்டு வருடமாக, "வேலை முடிஞ்சுதா?" என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்." சொன்னபடி பார்க்கவும் செய்வார். மொட்டை மாடிக்கும் மேலே இருக்கிற இயந்திர அறைக்கு இரும்பு ஏணியில் ஏறுவார். பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பார். லிப்டைத் தூக்கும் கம்பிக் கயிற்றைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்து, துணியில் அறுந்த இழை ஏதாவது மாட்டுகிறதா என்று முழ முழமாகத் தடவுவார். பிறகு கீழே வந்து ஆளில்லாத லிப்டில் பத்து முறை ஏறி இறங்குவார். அதற்கப்புறம்தான் உள்ளே மாட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையில் தேதியும் கையெழுத்தும்.

அவர் கையெழுத்துப் போட்ட லிப்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதற்காக யாரும் அவருக்கு மாலை போட்டதுமில்லை. நடக்காத விபத்துக்கு எவன் கைதட்டுவான்?

ஐம்பத்தொரு வயதில் இரண்டு முட்டியும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. ஏணியை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி ஏறாத லிப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? ஒரே ஒரு வழி இருந்தது. மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகியிருந்தது. அது கிடைத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர் போய் மேலாளரிடம் கேட்டார்.

"வேலையில உங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா உங்ககிட்ட தன்னம்பிக்கை இல்லையே. வாடிக்கையாளர் முன்னாடி 'மாதிரிதான் இருக்கு'ன்னு இழுத்தா நம்ம கம்பெனியைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார் மேலாளர். தன்னம்பிக்கை இல்லாத ஆட்களுக்கென்று கம்பெனி ஒரு பயிற்சியாளரை அமர்த்தியிருந்தது. பன்னிரண்டு வகுப்பு, தினமும் காலையில் ஒரு வழிகாட்டல் போன், கடைசியில் சான்றிதழ்.

அந்தப் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் தண்ணீர் வடிகட்டும் மிஷின் விற்றார், அது ஓடவில்லை. பிறகு சங்கிலிபோல் ஆள் சேர்க்கும் ஏதோ வியாபாரம், அதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். எதையுமே உருப்படியாகச் செய்யத் தெரியாத மனிதர், எல்லாரையும் உருப்பட வைக்கிற தொழிலுக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தொழிலில் மட்டும்தான் நேற்று என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கழுத்தில் ஒலிவாங்கி, முனை கூரான ஷூ, எந்நேரமும் ஒரு சிரிப்பு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையிலும் ஒலிவாங்கி இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது. எட்டாவது மாடியில் வாடகைக்கு ஒரு கூடம் எடுத்து வைத்திருந்தார்.

முதல் வகுப்பிலேயே நம் ஆளை எழுப்பி நிறுத்தினார்.

"ஒரு லிப்டைப் பாத்து முடிச்சுட்டீங்க. பாதுகாப்பா இருக்கா?"

"இருக்கும்னு நினைக்கிறேன் சார். மறுபடி ஒரு தடவை..."

"உக்காருங்க. இதுதான் நோய்." கூடம் முழுக்கச் சிரித்தது. "ரெண்டாவது தடவை பாக்கறவன் முதல் தடவை தன்னையே நம்பலன்னு அர்த்தம். தலைவன் திரும்பிப் பாக்கமாட்டான். ஆளை நம்பி வேலையைக் குடுப்பான், கையெழுத்துப் போடுவான், அடுத்த வேலைக்குப் போய்ட்டே இருப்பான்."

லிப்டின் பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத வாய் அது. ஆனாலும் எல்லாரும் மண்டையை ஆட்டினார்கள், நம் ஆளும் சேர்ந்து. நாற்காலி வேண்டுமென்றால் ஆட்டித்தானே ஆகவேண்டும்.

மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிட்டார்கள். 'நினைக்கிறேன்', 'இருக்கலாம்', 'தெரியல' என்று வாயில் வந்தால் சுண்டி இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும். காலையில் கண்ணாடி முன் நின்று "நான் உறுதியாகச் சொல்கிறேன்" என்று இருபது முறை சொல்ல வேண்டும். போனில் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டிருப்பார். பல் தேய்த்துக்கொண்டே கேட்பார் போலிருக்கிறது, நடுநடுவே துப்புகிற சத்தம் வரும்.

நம் ஆளின் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். பயிற்சியாளரின் கூடம் இருந்த அதே கட்டடம், அவளுக்கு ஏழாவது மாடி. லிப்டுக்குப் பயந்து போனில் தயங்குகிற நோயாளிகளிடம், "எங்க வீட்டுக்காரர் பாக்கற லிப்ட்தான், தைரியமா ஏறி வாங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிதப்பு இருக்கும். புருஷனைப் பற்றி அவள் வெளியில் பேசிய ஒரே பெருமை அதுதான். வீட்டில் அதையும் சொன்னதில்லை.

"மணி என்னங்க ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆறு இருக்கும்னு..." என்றவர் சட்டென்று ரப்பரைச் சுண்டினார். "ஆறு. நான் உறுதியாச் சொல்றேன்."

"ஆறே முக்கால். கடிகாரம் உங்க தலைக்கு மேலதான் இருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அப்போது.

ஆறாவது வகுப்பு வாக்கில் விஷயம் மாறியது. இதுவரை அவரைப் பாவம் என்று நினைத்திருப்பீர்கள், இனி நினைக்க வேண்டாம். அந்த ஆளுக்கு அது பிடித்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் கட்டடங்களின் உச்சியில் தனியாகக் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தவருக்கு, உறுதியாகப் பேசினால் நாலு பேர் வாய் மூடிக் கேட்கிறார்கள் என்பது புது ருசி. தெரிந்ததை உறுதியாகச் சொன்னார், தெரியாததை அதைவிட உறுதியாகச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பில் மேலாளர் முன்னால், "எங்க லிப்ட் ஒவ்வொண்ணும் நூத்துக்கு நூறு பாதுகாப்பு" என்று மூச்சு விடாமல் முழங்கினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்காலி கிடைத்தது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஏணி இல்லை, துணி இல்லை. இரண்டு மெக்கானிக்குகள் போய் வந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களிடம், "துணி போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். வகுப்பு முடிந்தும் காலை போன் நிற்கவில்லை; மறுநாள் அதில் பயிற்சியாளர், "உங்க ஆளுங்களை நீங்களே சந்தேகப்பட்டா அவங்க எப்படி வளர்வாங்க?" என்று கடிந்துகொண்டார். கேட்பதை விட்டுவிட்டார். திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டு அட்டையை மேசையில் வைத்து, அந்த வாரத்துக்கான தேதிகளை வரிசையாகப் போட்டு, கையெழுத்துகளையும் முன்கூட்டியே போட்டுத் தள்ளினார். ஏற்கனவே கையெழுத்தான அட்டையை மாட்டப் போகிறவன் எதற்காக ஏணி ஏறுவான்? முப்பது அட்டைக்குக் கால் மணி நேரம் ஆனது. இதற்குப் பெயர் தலைமைப் பண்பு.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சியாளர் அழைத்தார். புதுக் கூட்டம் சேர்ந்திருக்கிறது, முன்னேறிக் காட்டியவர் என்று மேடையில் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் அந்தக் கட்டடத்துக்குப் போனார். கூடத்துக்குப் போகிறோம் என்பது மனைவிக்குத் தெரியாது, மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். போனால், கீழ்த்தளத்தில் அவளே வந்துகொண்டிருந்தாள். லிப்ட் கதவு திறந்து காத்திருந்தது. அவள் அதைக் கடந்து போய்ப் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தாள்.

பின்னாலேயே ஏறினார். முதல் திருப்பத்துக்குள்ளேயே முட்டி கழன்றுவிடும்போல் இருந்தது.

"ஏன், லிப்ட் ஓடலையா?"

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். மூச்சு வாங்கியது. "ஓடுது."

"அப்புறம் ஏன் ஏழு மாடி நடக்கற?"

"ஒரு வாரமா இப்படித்தான் ஏறறேன்." கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அட்டையைப் பாத்தேன்."

"அதுல என் கையெழுத்துதான இருக்கு."

"உங்க கையெழுத்துதான். போன மாசம் பதினேழாம் தேதி. அன்னிக்கு முட்டி வீங்கி நாள் முழுக்கக் கட்டில்ல படுத்திருந்தீங்க. நான் லீவு போட்டு ஒத்தடம் குடுத்துட்டு இருந்தேன்."

"ஆளுங்க வந்து பாத்திருப்பாங்க. நல்லாதான் இருக்கு. நான் உறுதியாச் சொல்றேன்."

"நீங்க பாத்தீங்களா?"

ரப்பர் பேண்டைச் சுண்டினால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது.

"போன்ல கேக்கறவங்ககிட்ட இப்ப நான் ஒண்ணும் சொல்றதில்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு. "எனக்கு நேரமாச்சு." அவள் ஏறிப் போனாள்.

அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தபோது பயிற்சியாளர் லிப்டுக்குள் நின்றுகொண்டு, கூரான ஷூவால் கதவைத் தடுத்து வைத்திருந்தார். "வாங்க தலைவரே, எல்லாரும் காத்திட்டு இருக்காங்க."

உள்ளே, பயிற்சியாளரின் தோளுக்குப் பக்கத்தில், அந்த அட்டை தெரிந்தது. சுழித்து, அடிக்கோடு போட்டு, மிக உறுதியான கையெழுத்து.

"நீங்க இறங்குங்க சார். படியில போயிடுங்க."

"ஏன், என்ன கோளாறு?"

"தெரியல."

"பாத்தீங்களா, பழைய ஆள் எட்டிப் பாக்கறார்," என்று பயிற்சியாளர் செல்லமாக விரலை ஆட்டிச் சிரித்தார். ஷூவை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. தன்னம்பிக்கை மட்டும் தனியாக மேலே போனது.

அந்த மனிதர் மேல் அவருக்கு ஒரு மரியாதையும் மிச்சமில்லை. ஆனாலும் கதவுக்கு மேலே எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எரிந்துகொண்டு போவதையே பார்த்தபடி நின்றார். எட்டு எரிகிறவரை அவர் மூச்சு விடவில்லை.