சம்பூர்ணம் அக்காவின் மூன்றாவது நம்பர்

சம்பூர்ணம் அக்காவுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் நம்பர் என்று வந்துவிட்டால் என் கடைக் கம்ப்யூட்டரெல்லாம் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய கணவர் தாஸின் டோக்கன் நம்பர் 2286. உள்ளே பாறை சரிந்தால் மேலே இருப்பவர்களுக்கு முதலில் தெரிவது பெயரல்ல, நம்பர்தான். அதனால் கல்யாணமான வாரமே மாமியார் அதை மனப்பாடம் செய்ய வைத்தாராம். தாஸ் சுரங்க வேலையை விட்டு வந்து ஈஜிபுராவில் வீடு வாங்கி, இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். நம்பர் மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது.

1991-ல் இரண்டாவது நம்பர் வந்தது. "இது குடும்பச் சொத்து, பாதி எனக்கு" என்று தாஸின் தம்பி நாராயணசாமி வந்து நின்றார். வீடு முழுக்க என்னுடையதுதான் என்று அக்கா வழக்குப் போட்டார். நம்பர் 3417. அடுகோடி கார்மெண்ட்ஸில் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நின்று, 1997-ல் ஜெயித்தார். நாராயணசாமி விடவில்லை, ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்தார். அடுத்த வருடம் அக்காவின் வக்கீல் காலமானார். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல அதற்கப்புறம் நாராயணசாமியை விட்டால் வேறு ஆளில்லை.

அவரும் தீபாவளி தவறாமல் வந்து சொன்னார். "கேஸு இன்னும் பத்து வருஷம் இழுக்கும் அண்ணி. பாதிய எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க." 2003-ல் அக்கா ஓய்ந்துபோய்ச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை பத்திரம்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் என் பிரௌசிங் சென்டருக்கு வந்தார். அன்றைக்குப் பரீட்சை ரிசல்ட். நாலு கம்ப்யூட்டருக்கும் கூட்டம், எனக்கோ தலைவலி.

"ஹைகோர்ட்டு கேஸெல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியுதாமே தீபிகா. கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர் சொன்னாரு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துடறேன்."

3417 என்று அடித்தேன். யாரோ ஒரு பஸ் கண்டக்டரின் வழக்கு வந்தது. "நம்பரு அதாம்மா" என்று அக்கா பிடிவாதம் பிடிக்க, மறுபடி அடித்தேன். அதே கண்டக்டர் வந்தார்.

"மேல் கோர்ட்டுக்குப் போனா வேற நம்பர் போடுவாங்கக்கா" என்றேன் எரிச்சலோடு.

அக்கா என்னை நம்பவே இல்லை. "அதெப்டி மாறும்? அதே ஆளு, அதே வூடு. மைன்ஸ்ல சாகற வரைக்கும் ஒரே நம்பருதான்."

நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எத்தனை வருடமாக அந்தப் பழைய நம்பரை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாரோ. மேல் கோர்ட்டிலிருந்து ஏதாவது காகிதம் வந்ததா என்று கேட்டேன். வீட்டுக்கு ஓடினார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த ஒரு நோட்டீஸோடு திரும்பி வந்தார். அதில் இருந்தது: 518, வருடம் 1997.

இரண்டு தடவை லைன் கட்டானது. மூன்றாவது தடவை பக்கம் மெல்லத் திறந்தது. மேல்முறையீடு தள்ளுபடி, 12 மார்ச் 2001. நான் மூன்று முறை படித்தேன்.

"வீடு முழுசும் உங்களுதுக்கா. ரெண்டு வருஷமா உங்களுது."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார். எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அவர் கண் கலங்கவில்லை. இரண்டு பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். இதை யார் தவறவிடுவார்கள்? ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் வெங்கடசாமியின் மேஜையில் எல்லாம் தயாராக இருந்தது. நாராயணசாமி பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"கேஸு இப்ப எந்த நெலமையில கீது தம்பி?"

"அடுத்த மாசம் வாய்தா அண்ணி."

"நம்பரு இன்னா?"

நாராயணசாமி வெங்கடசாமியைப் பார்த்தார். வெங்கடசாமி மேஜையைப் பார்த்தார்.

"ஐந்நூத்திப் பதினெட்டு, தொண்ணூத்தேழு" என்றார் அக்கா. "ரெண்டாயிரத்தி ஒண்ணு, மார்ச்சு பன்னெண்டு, தள்ளுபடி." காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

வெங்கடசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு பத்திரத்தை இழுத்து டிராயருக்குள் போட்டார்.

"கம்ப்யூட்டர்ல வர்றதெல்லாம் நம்பலாமா அண்ணி" என்று நாராயணசாமி முனகினார்.

"எங்க வூட்டுக்காரரு நம்பரு அவரு சாகற வரைக்கும் மாறல. உன் கேஸு செத்து ரெண்டு வருஷம் ஆவுது, நீ இன்னும் அதுக்கு வாய்தா சொல்லினு கீற."

பத்திரத்தில் ஒட்டுவதற்காகக் கொடுத்திருந்த தன் இரண்டு போட்டோக்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு அக்கா வெளியே நடந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஹைகோர்ட்டில் விண்ணப்பித்து முத்திரை போட்ட நகலும் வாங்கினார். அந்த வாரமே வீட்டு வாசலில் 'சம்பூர்ணம் தாஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டினார். பெயருக்குக் கீழே 518/97 என்று எழுதச் சொன்னார். அதை மட்டும் பார்த்து, கதவு எண் வேறாக இருக்கிறதே என்று புதிதாக வந்த தபால்காரர் இரண்டு முறை வேறு தெருவுக்குப் போய்விட்டார். அக்கா இன்றுவரை அதை அழிக்கவில்லை.